டிபவுன்ஸ்: துள்ளலை யார் நீக்கினார்?

> பவுன்ஸ் என்றால் துள்ளல். ‘டி’ என்றால் நீக்கம். ஆகவே டிபவுன்ஸ் = துள்ளல்நீக்கு. வேலை முடிந்தது.

வணக்கம் ஐயா,

டிபவுன்ஸ் (debounce) என்ற தொழில்நுட்ப வினைக்குத் தமிழ் தேடும் வேலை இன்னும் முடியவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. டிபக் (debug) என்பதற்கு ‘வழுநீக்கு’ நன்றாக அமைந்தாலும் அமைந்தது, ‘டி’ என்று தொடங்கும் வினை எதைக் கண்டாலும் நம் கை தானாக ‘நீக்கு’க்குப் போகிறது.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு பட்டனை ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் மாட்டி, எத்தனை தடவை அழுத்துகிறேன் என்று எண்ணவிட்டேன். ஒரே அழுத்து, திரையில் 4. இன்னொரு அழுத்து, 7. பட்டனில் பழுதில்லை. உள்ளே உலோகத்தோடு உலோகம் மோதும்போது, சிமென்ட் தரையில் விழுந்த சில்லறை மாதிரி, சில மில்லிநொடிகள் எகிறி எகிறித்தான் படிகிறது. பலகையிலுள்ள சில்லுக்கு ஒவ்வோர் எகிறலும் ஓர் அழுத்து. ‘கடைசி மாற்றத்துக்குப் பின் 20 மில்லிநொடி சலனமில்லாமல் இருந்தால் மட்டும் எண்ணு’ என்று நிரலில் சேர்த்தேன். எண்ணிக்கை சரியாகிவிட்டது. ஆனால் துள்ளல் எங்கே நீங்கியது? தகடு இப்போதும் துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. மின்தேக்கி வைத்தால் அதை அடக்குகிறோம் எனலாம். நிரலில் அது அடங்கும்வரை காத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

அப்புறம், இணையப் பக்கம் செய்பவர்களுக்கும் இதே வினைதான். தேடல் பெட்டியில் ‘மயிலாப்பூர்’ என்று தட்டும்போது எழுத்துக்கு எழுத்து சர்வருக்கு ஓடாமல், விரல் ஓய்ந்து 300 மில்லிநொடி கழித்து ஒரே தடவை கேட்பது. அங்கே துள்ளுவதற்கு என்ன இருக்கிறது?

என் பரிந்துரை: நிதானி. பெயர்ச்சொல் நிதானிப்பு. ‘நிதானிப்பு நேரம் 20 மில்லிநொடி’ என்று எழுதினால் கையேட்டில் உறுத்தாது. த்ராட்டில் (throttle) என்ற இன்னொரு வினையோடு குழம்பும் என்பீர்கள். அது தட்டிக்கொண்டே இருந்தாலும் குறித்த இடைவெளிக்கு ஒன்று என விடுவது. அதற்கு ‘மட்டுப்படுத்து’ போதும்.

> நிதானம் வடசொல். ‘ஆறவிடு’ ஆகாதா? ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டாமா!

பழமொழி பிரமாதம், அண்ணா. ஆனால் கையேட்டில் ‘பட்டனை ஆறவிடவும்’ என்று போட்டால், சூடாகிவிட்டது என்று ஃபேனைத் திருப்பி வைப்பார்கள். நான் இப்போதைக்கு நிதானியிலேயே இருக்கிறேன்.