மறு: ரிசால்வருக்குத் தமிழ்ச்சொல் – "பெயர்வினவி"

மதிப்பிற்குரிய ஐயா,

தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைக் கண்டறிந்து தரும் சேவையகமே ரிசால்வர் (DNS resolver). அதற்கு நான் முன்வைத்த "பெயர்வினவி"க்கு நீங்கள் எழுதிய மறுப்புகளுக்கு என் பதில் இது.

> "தீர்வி" போதும். பெயரைத் தீர்த்து எண்ணாகத் தருகிறதே!

எனக்கு இது ஒப்பவில்லை. ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் ரிசால்வர் நமக்காக நாலு இடம் கேட்டு வருகிறது. பெயர்ப் படிநிலையின் உச்சியில் உள்ள வேர்ச் சேவையகத்திடம் ".இந்தியா யார் பொறுப்பு?" என்று கேட்கும். அவர்கள் காட்டிய இடத்தில் மறுபடி கேட்கும். கடைசியில் அந்தப் பெயருக்கு உரிய சேவையகத்திடம் எண் முகவரியை வாங்கி வந்து தரும். கேள்விக்கு "வினவல்" என்ற சொல் முன்பே வழக்கில் இருப்பதால், கேட்பது "பெயர்வினவி" ஆகட்டும்.

நமக்காகக் கேட்டு வருவது பதிலை மாற்றியும் தர முடியும் என்பதால், இணைப்பு நிறுவனம் தரும் வினவியை விட்டு மக்கள் மாற்று வினவியைத் தேடுகிறார்கள். காட்பாடியில் என் மைத்துனர் நடத்தும் பிரவுசிங் சென்டரில், வில்லங்கச் சான்று எடுக்க வந்த பெரியவர் தளத்தின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். "அப்படியொரு பெயர் இல்லை" என்று வர வேண்டிய இடத்தில் கடன் விளம்பரம் வந்தது. அவரும் அரசுப் பக்கம் என்று நம்பிக் கைப்பேசி எண்ணை நிரப்பத் தொடங்கிவிட்டார். இணைப்பு தரும் நிறுவனத்தின் வினவி செய்த வேலை அது. ரூட்டரில் வினவியின் முகவரியை 9.9.9.9 (Quad9 அமைப்பின் வினவி) என்று மாற்றியபின் அதே பிழைக்கு "இல்லை" என்ற நேர்மையான பதில் வந்தது. தீங்கான தளங்களின் பெயர்களையும் அந்த வினவி தடுக்கிறது.

வேகத்துக்காக 2009இல் வந்த கூகுளின் 8.8.8.8ஐ வைப்பவர்கள் உண்டு. தடையைக் கடக்க வைப்பவர்களும் உண்டு: 2014 மார்ச்சில் துருக்கி ட்விட்டரை முடக்கியபோது அந்த எண்ணைச் சுவர்களில் எழுதினார்கள். சில நாளில் அந்த எண்ணுக்குப் போகும் வினவல்களையே துருக்கியின் இணைப்பு நிறுவனங்கள் இடைமறித்தன. இடையில் யாரும் படிக்காதபடி மறைகுறியாக்கி வினவும் முறை 2016இல் தரமாக வெளிவந்தது. அப்போதும் நாம் எந்தப் பெயரைக் கேட்டோம் என்பது புதிய வினவிக்குத் தெரியும். மாற்றும் முன் அது யாருடையது என்று பார்த்தே ஆக வேண்டும்.

> "வினவி" என்பதை "வினவிவிட்டு" என்று எச்சமாகப் படிப்பார்களே?

"உலாவி"யும் அப்படிப்பட்டதுதான். அதில் இன்று யாரும் தடுமாறுவதில்லை. "பெயர்" முன்னால் நின்றால் குழப்பம் இன்னும் குறையும். கைப்பேசிக்குள் இருந்து முதல் கேள்வியை அனுப்பும் சிறு மென்பொருளுக்குக் "குறுவினவி" எனலாம். பெயருக்கு உரிய சேவையகம் விடை சொல்வது. அதை இந்தச் சொல்லுக்குள் இழுக்க வேண்டாம். "தீர்வி"யில் இந்த வேறுபாடு தெரியாது.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ரூட்டர் கையேட்டின் தமிழ் வரைவில் "மாற்றுப் பெயர்வினவி" என்றே இட்டிருக்கிறேன்.

அன்புடன்,
வேலூரிலிருந்து