லாம்டாவின் ஆந்த்ரோபிக் கணக்கு: கியூவை மாறவிட்டால் விடை ஓடுகிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வெற்றிடத்தின் ஆற்றலைக் குறிக்கும் அண்டவியல் மாறிலி லாம்டாவுக்கு, நோக்கர் தோன்றக்கூடிய அண்டங்களையே எண்ணும் ஆந்த்ரோபிக் முறையில் நிகழ்தகவுப் பரவல் போடுகிறேன். இயற்பியலாளர் ஸ்டீவன் வெயின்பெர்க் 1987-இல் தொடங்கிவைத்த தடம்தான்: லாம்டாவின் முன்பரவல் (நோக்கர்களைக் கணக்கில் எடுக்கும் முன் உள்ள பரவல்) தட்டை; அதற்குத் தரும் நிகழ்தகவு எடை, ஈர்ப்பால் 10¹² சூரிய நிறைக்கு மேற்பட்ட திரள்களாகச் சரியும் பொருளின் பங்கு (அந்தப் பங்கைக் கணக்கிடும் பிரெஸ்–ஷெக்டர் முறையில்). தொடக்க அடர்த்தி ஏற்றத்தாழ்வான கியூவை 10⁻⁵ என்று கட்டிவைத்தால், நாம் அளந்த மதிப்பு பரவலுக்குள் நியாயமாகவே அமைகிறது.

கியூவையும் மாறவிட்டால்தான் சிக்கல். லாம்டாவின் உச்சவரம்பு கியூவின் மும்மடிக்கு ஏற்ப உயரும். கியூ 10 மடங்கானால் வரம்பு 1000 மடங்கு. 10⁻⁴-க்கு மேல் விண்மீன்கள் நெருங்கி, கோள்களின் சுற்றுப்பாதை குலையும் என்பதால் அங்கே வெட்டினேன். விடை அந்த வெட்டிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. இது கணிப்பே அல்ல.

நித்திய இன்ஃப்ளேஷனில் (ஓயாத அதிவேக விரிவில்) குமிழி அண்டங்கள் முடிவின்றித் தோன்றுவதால், நோக்கர்களை எண்ண எங்காவது வெட்ட வேண்டும். முறைநேர வெட்டை (அந்தந்த இடத்தின் கடிகார நேரத்தை வைத்து வெட்டுவதை) தயவுசெய்து பரிந்துரைக்காதீர்கள். அதில் ஒரு நொடி இளைய குமிழிகளே எண்ண முடியாத மடங்கு மிகுந்துவிடும், ஏனெனில் நித்திய இன்ஃப்ளேஷன் நொடிக்கு நொடி கனஅளவைப் பெருக்குகிறது. ஆகவே அளவுக்காரணி வெட்டை (விண்வெளி எத்தனை மடங்கு விரிந்தது என்பதை வைத்து வெட்டுவதை) பிடித்திருக்கிறேன்.

இரண்டு கேள்விகள். கியூவின் ஒவ்வொரு பத்து மடங்கு இடைவெளிக்கும் சம வாய்ப்புத் தரும் மடக்கைத் தட்டை முன்பரவலை எந்த இன்ஃப்ளேஷன் மாதிரியாவது நியாயப்படுத்துகிறதா? திரள் சரிந்தபின் நோக்கர் தோன்ற 500 கோடி ஆண்டு என்று வைத்திருக்கிறேன். அதை மாற்றினால் பரவலின் உச்சி எவ்வளவு நகரும்? ஓட்டிப் பார்த்தவர்கள் எண்களோடு சொல்லுங்கள்.