துணையோடு வெளிநாடு வந்தவர்கள் உயிரியலில் பிஎச்டி தேடும்போது

கணவரோடு ஐரோப்பா வந்து எட்டு மாதம் ஆகிறது, பயோடெக்னாலஜியில் முதுகலை முடித்திருக்கிறேன், இந்த ஊர் மொழியைக் கற்றுக்கொண்டு அப்புறம் பிஎச்டிக்கு முயலலாமா என்று கேட்ட தங்கைக்கு:

காத்திருக்காதீர்கள் அம்மா. மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டம் ஒன்று இருக்கிறது. எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம், முறையான சம்பளம் உண்டு. ஆனால் எந்த நாட்டில் சேர்கிறீர்களோ அங்கே, சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. விண்ணப்பித்த நாளை வைத்துக் கணக்கில்லை, வேலையில் சேரும் நாள்தான் கணக்கு. தேர்வு, விசா என்று சில மாதங்கள் போய்விடும். எட்டு மாதம் முடிந்துவிட்ட உங்களுக்கு இந்த நாட்டுக் கதவு கிட்டத்தட்ட மூடிவிட்டது. ரயிலில் போய்வரும் தூரத்தில் பக்கத்து நாடு இருந்தால் அங்கே பாருங்கள். யுராக்செஸ் (EURAXESS) என்ற ஐரோப்பிய ஆய்வு வேலைவாய்ப்புத் தளத்தில் அறிவிப்புகள் வரும். இந்த விதி தெரியாமல் நல்ல வாய்ப்பை இழந்தவள் நான். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

மேரி கியூரி மட்டும்தான் வழி என்றில்லை. ஜெர்மனியில் மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்களின் ஐஎம்பிஆர்எஸ் (IMPRS) பிஎச்டி பள்ளிகள், ஹைடல்பெர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஎம்பிஎல் (EMBL) என்ற உயிரியல் ஆய்வு நிறுவனத்தின் பிஎச்டி திட்டம் எல்லாம் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. மொழி கடைக்கும் மருத்துவமனைக்கும் வேண்டும், ஆய்வகத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒன்று, பட்டம் தருவது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம். உங்கள் முதுகலைச் சான்றிதழை அது ஏற்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

நேரடியாகப் பேராசிரியருக்கு எழுதுவதானால், "உங்கள் ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம் உள்ளது" என்ற வரியை அழித்துவிடுங்கள். அதே வரியோடு முப்பது பேருக்கு மேல் எழுதினேன், ஒரு பதிலும் இல்லை. பிறகு ஒருவரின் கட்டுரையை மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். நான்காவது படத்தில், மருந்து கொடுத்த செல்களில் அந்தப் புரதம் சவ்வை விட்டு உட்கருப் பக்கம் நகர்ந்திருந்தது. மருந்தை நிறுத்தினால் திரும்பி வருமா என்று கேட்டு, முதுகலையில் நான் செய்த நுண்ணோக்கி வேலையை இரண்டு வரியில் சேர்த்தேன். மறுநாளே பதில் வந்தது. அந்த ஆய்வகத்தில்தான் முனைவர் பட்டம் முடித்தேன்.

— அக்கா, நாங்கள் அமெரிக்காவில், எனக்குக் கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசா. எனக்கும் இது பொருந்துமா?

அங்கே முறை வேறு. பெரும்பாலும் பேராசிரியரிடம் அல்ல, பிஎச்டி திட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல இடங்களில் டிசம்பரோடு முடிந்துவிடும். முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் ரொட்டேஷன் செய்து, அதாவது ஒவ்வொன்றிலும் கொஞ்ச காலம் வேலை பார்த்து, பிறகு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கலாம். எச்-4-ல் படிக்கலாம். ஆனால் தனி வேலை அனுமதி இல்லாமல் சம்பளத்தோடு ஆய்வு உதவியாளராக இருக்க முடியாது. இடம் கிடைத்தால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுவது பற்றிப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் உடனே கேளுங்கள்.

எங்கே சேர்வதானாலும் சரி, அந்த ஆய்வகத்தில் இப்போது இருக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். முன்பு இருந்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்று வீட்டில் இருக்க முடியுமா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு யாராவது பதில் சொல்லத் தயங்கினால், இன்னொருவரிடமும் கேளுங்கள்.