நாடகத்துக்குப் பழைய கதவுகள் தேவை

வணக்கம். சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் ஒரு மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. வாடகை பாக்கியோடு ஒரு கவிஞர், ஓர் ஓவியர், ஒரு மிருதங்கக் கலைஞர். வீட்டுக்காரர் வந்தால் ஆளுக்கொரு கதவுக்குப் பின்னால் ஒளிகிறார்கள். நாங்கள் ஒத்திகை பார்க்கும் நகைச்சுவை நாடகம் இதுதான்.

இந்த வகை நாடகத்துக்குக் கதவுதான் உயிர். ஒருவர் உள்ளே போன நொடியே இன்னொருவர் வெளியே வரவேண்டும்; ‘டமால்’ சத்தம் கேட்கவேண்டும். துணித் தட்டியில் கதவு பொருத்திப் பார்த்தோம். அடித்துச் சாத்தினால் சுவரே ஆடுகிறது, சிரிப்பும் போய்விடுகிறது.

வீடு புதுப்பிக்கும் யாராவது மரக் கதவுகளை நிலையோடு கழற்றுகிறீர்களா? நான்கு வேண்டும். லாரியோடு நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம். அப்புறம், நிலைக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து, அடியில் மணல் மூட்டை வைத்து அசையாமல் நிறுத்தத் தெரிந்தவர் இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.