படகு வேலை – சுங்கை சிப்புட் குடும்பம்

சித்தப்பா: இன்று சாயங்காலம் போர்ச்சில் நம் படகின் பலகைகளைக் கம்பியால் தைத்துக் கட்டும் வேலை. பிள்ளைகளையும் அனுப்புங்கள்.

பெரியப்பா: கம்பியால் தைக்க அது என்ன சாக்கா? மறுநடவுக்கு வெட்டிய ரப்பர் மரம் தோட்டத்தில் அவ்வளவு கிடக்கிறது. பலகையாக அறுத்து ஆணி அடி, தம்பி.

சித்தப்பா: அண்ணே, ரப்பர் மரம் மேசை நாற்காலிக்குச் சரி. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும், வண்டும் துளைக்கும். வாங்கியிருப்பது 6 மில்லிமீட்டர் மெரந்தி மரீன் பிளைவுட், படகுக்கென்றே தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டிய ஒட்டுப்பலகை.

சித்தப்பா: செம்புக்கம்பி பலகைகளைச் சேர்த்துப் பிடிக்க மட்டும்தான். உள்மூலையில் மரத்தூள் கலந்த எபோக்சியை, அதாவது ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் சேர்த்துக் கலக்கும் பசையை, விரலால் வழித்த மாதிரி குழிவாகப் பூச வேண்டும். இறுகியதும் கம்பியை உருவிவிட்டு, மூட்டுகளின் மேல் ஃபைபர் டேப் (கண்ணாடி இழைப் பட்டை) ஒட்ட வேண்டும். இங்கிலாந்தில் 1963-இல் வந்த மிரர் என்ற சின்னப் பாய்மரப் படகே இந்த முறைதான். வீட்டில் கட்டுவதற்கென்றே வரைந்தது.

பெரியப்பா: திரங்கானுவில் பூலாவ் டூயோங் தீவில் வரைபடமே இல்லாமல் செங்கால் என்ற கெட்டி மரத்தில் படகு கட்டுவார்கள். இரும்பாணிக்குப் பதில் மரமுளை!

சித்தப்பா: பலகைக்கு நடுவே கெலாம் மரத்தின் பட்டை வைப்பார்கள், அது ஊறி இடுக்கை அடைக்கும். அந்தக் கைப்பழக்கம் நமக்கு ஏது? செங்கால் விலையும் கேட்டுப் பாருங்கள் 😄

சித்தி: என் கேக் தராசு எங்கே?

மலர்: எபோக்சி நிறுக்க அப்பா எடுத்தார் 🙈

சித்தி: நினைத்தேன். புதுசு வாங்கித் தரட்டும்.

கதிர்: ஹார்டனரைக் கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்று பெயின்ட் கடையில் சொன்னார்கள் சித்தப்பா.

சித்தப்பா: வேண்டவே வேண்டாம். அளவு பிசகினால் பிசுபிசுவென்றே கிடக்கும். டின்னில் போட்டிருக்கும் கணக்குதான் கணக்கு.

மலர்: நேற்று கப் புகைந்ததைச் சொல்லுங்கள் அப்பா.

சித்தப்பா: ஆமாம். ஆழமான கப்பில் மொத்தமாகக் கலந்து வைத்தால் சூடு வெளியேற வழியில்லை, தானாகவே கொதித்துவிடும். பிளாஸ்டிக் கப் அடியோடு இளகிவிட்டது. இனி கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, உடனே தட்டையான தட்டில் பரப்பிவிடுவோம். கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது.

கதிர்: மழை வந்தால்?

சித்தப்பா: ஈரக்காற்றில் மேலே மெழுகு மாதிரி படலம் வரும். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே அடுத்த பூச்சு.

சித்தி: முடிந்ததும் எங்கே விடுவதாக உத்தேசம்?

சித்தப்பா: செண்டரோ ஏரி. 1930-இல் அணை கட்டி முடித்த இடம், கோலகங்சார் பக்கம்தானே. முதலில் எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட். சைஸ் அனுப்புங்கள்.

பெரியப்பா: எனக்கு எக்ஸ்எல்.