புதுப்பிப்பு: பாக்கின் புல்லாங்குழல் சொனாட்டாக்கள், எந்தப் பதிப்பு வாங்கினேன்

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் புல்லாங்குழல் சொனாட்டாக்களுக்கு (சில பகுதிகள் கொண்ட வாத்திய இசைப் படைப்புகள்) எந்த ஆய்வுப் பதிப்பு, அதாவது மூலப் பிரதிகளை ஆராய்ந்து அச்சிட்ட இசைப் புத்தகம், நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். ஹென்லே, பேரன்ரைட்டர் என்ற இரண்டு இசைப் பதிப்பகங்களுக்கும் பரிந்துரை வந்தது. ஹென்லேயை வாங்கிவிட்டேன்.

அதன் பிரிப்பு எனக்குப் பிடித்தது. பாக் எழுதியவை என்று ஏற்கப்பட்ட நான்கும் (பாக் படைப்புகளின் பட்டியலில், அதாவது BWV-யில், எண்கள் 1030, 1032, 1034, 1035) முதல் தொகுதியில் இருக்கின்றன. அவர் பெயரில் வழங்கினாலும் சந்தேகத்துக்குரிய மூன்றும் இரண்டாவதில்.

நான் அதிக நேரம் உட்கார்ந்தது 1032 மீதுதான். இரண்டு ஹார்ப்சிகார்டுகளுக்கான (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியம்) சி மைனர் கான்செர்ட்டோவை (தனி வாத்தியங்களும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எழுதிய தாள்களில், அடியில் மிஞ்சிய வரிகளில் பாக் இந்தச் சொனாட்டாவையும் எழுதினார். பின்னால் யாரோ சில தாள்களின் அடிப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். சொனாட்டாவின் முதல் பகுதியில் சுமார் 46 பார் (தாளக் கணக்கில் பிரித்த சிறு கூறு) இசை போய்விட்டது. நினைத்தாலே மனம் கனக்கிறது. இன்று நாம் வாசிக்கும் முழு வடிவம் பிற்காலத்தவர் நிரப்பியது. ஆளுக்கு ஆள் அது மாறும். எது பாக், எது நிரப்பியது என்று தெரிந்து வாசிக்கத்தான் இப்படிப்பட்ட பதிப்பு வேண்டும்.

அப்புறம், பேரன்ரைட்டர் வைத்திருப்பவர்கள் 1032-இல் இசை தொலைந்த அந்த இடம் அதில் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.