'இடித்துரைத்தனர்' என்றால் கோபத்தோடு எதிர்த்தார்கள் என்று பொருளா?

பிழைதிருத்தி:
ஒரு குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்ட அறிக்கையைத் திருத்தித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அதில் ஒரு வரி: "வரவு செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாததற்காக உறுப்பினர்கள் நிர்வாகக் குழுவை இடித்துரைத்தனர்."

கூட்டத்தில் நானும் இருந்தேன். பாதிப் பேர் எழுந்து நின்று கத்தினார்கள். மைக்கைப் பிடுங்கினார்கள். சிலர் வெளியே போய்விட்டார்கள். இதற்கா 'இடித்துரைத்தனர்'? மூத்தவர் ஒருவர் தோளில் கைபோட்டு "தம்பி, நீ செய்வது சரியில்லை" என்று சொன்ன மாதிரி இருக்கிறது. எழுதியவரோ, கோபமாக எதிர்ப்பதற்கு ஏட்டுத் தமிழில் அதுதான் சொல் என்கிறார். பொருந்தாது என்பது என் கட்சி. உங்கள் கட்சி எது?

பழைய_பேனா:
எழுதியவர் கட்சி. 'இடி' என்ற சொல்லைப் பாருங்கள். வானத்து இடி, உலக்கை இடி, முழங்கை இடி. இதில் எது மென்மை? மோதலும் முழக்கமும் வேரிலேயே இருக்கின்றன. அதோடு 'உரை' சேர்ந்தால் முகத்தில் அடித்தாற்போல் சொல்வது. அறிக்கைக்கு ஏற்ற கௌரவமும் உண்டு. "கத்தினார்கள்" என்று அறிக்கையில் எழுத முடியுமா?

தேன்மொழி:
வேரை மட்டும் வைத்துப் பொருள் சொன்னால் வம்புதான். 'கண்டி' என்பதன் வேர் துண்டாக்குவது. "கண்டிப்பாக வருகிறேன்" என்பவர் யாரை வெட்டப் போகிறார்?

சொல் எங்கே எப்படி வருகிறது என்று பார்க்கலாம். குறளில் பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில், "இடிக்கும் துணையாரை ஆள்வாரை யாரே கெடுக்கும் தகைமை யவர்" (447). அடுத்த குறளே, "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானும் கெடும்." நட்பு அதிகாரத்தில், "நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு" (784). மூன்றிலும் இடிக்கிறவர் யார்? துணை, துணை, நண்பன். எதிராளி ஓரிடத்திலும் இல்லை. மன்னனுக்கு வேண்டியவன்தான் மன்னனை இடிக்கிறான். மைக்கைப் பிடுங்கியவரைத் துணையார் என்று நிர்வாகக் குழு ஒப்புக்கொள்ளுமா?

கடைசிபெஞ்ச்:
ஒப்புக்கொள்ளாது. ஆனால் அடுத்த தேர்தலுக்கு அவரும் நிற்கப் போகிறார் என்றால் துணையார் ஆகிவிடுவார். 😄

பழைய_பேனா:
தேன்மொழி, வசதியான மூன்றை எடுத்துக்கொண்டு நாலாவதை விட்டுவிட்டீர்களே. மடியின்மையில் 607: "இடிபுரிந்து எள்ளுஞ்சொல் கேட்பர் மடிபுரிந்து மாண்ட உஞற்றி லவர்." இங்கே இடியோடு எள்ளலும் சேர்ந்தே வருகிறது. சோம்பேறியைப் பார்த்து நாலு பேர் ஏசுகிற காட்சி இது. தோளில் கைபோட்ட காட்சி இல்லை.

அப்புறம் 389, "செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன்." காது கசக்கிற அளவுக்குச் சொல்கிறார்கள், அரசன் பொறுக்கிறான். 'இடி' என்ற சொல் அதில் இல்லைதான், செயல் அதேதான். கோபமில்லாத பேச்சுக்குக் காது ஏன் கசக்க வேண்டும்?

தேன்மொழி:
607க்குப் பரிமேலழகர் உரையைப் பாருங்கள். நட்டார், அதாவது நண்பர்கள், முதலில் இடிக்கிறார்கள். பயன் இல்லை என்று கண்ட பிறகுதான் இகழ்கிறார்கள். அதாவது இடி வேறு, எள்ளல் வேறு. அக்கறை தீர்ந்துபோன இடத்தில் எள்ளல் தொடங்குகிறது. உங்கள் சான்று எனக்குத்தான் உதவுகிறது.

389: காது கசப்பது கேட்பவனுடைய அனுபவம். அதை வைத்துச் சொன்னவனுக்குக் கோபம் என்று எப்படி முடிவு கட்டுவது? உண்மையை அமைதியாகச் சொன்னாலும் கசக்கும்.

குறளுக்கு வெளியே வேண்டுமென்றால் குறுந்தொகை 58, வெள்ளிவீதியார் பாட்டு. காதலில் நிலைகுலைந்து நிற்கும் தலைவனை அவன் தோழனான பாங்கன் கடிந்துகொள்கிறான். தலைவன் அவனை "இடிக்கும் கேளிர்" என்று விளிக்கிறான். கேளிர் என்றால் உறவு, நட்பு. திட்டு வாங்கியவன் வாயிலேயே 'கேளிர்' வருகிறது, பாருங்கள். பிறகு வருவதுதான் அந்தப் பெயர்பெற்ற உவமை: வெயில் காயும் பாறையில் வைத்த வெண்ணெயைக் கையில்லாத ஊமை கண்ணாலேயே காவல் காப்பது. "நீங்கள் இடிப்பது சரி, என் நிலைமை கைமீறிப் போயிற்று" என்கிறான். சண்டை இல்லை.

நிலவன்:
இரண்டு பேரும் பழைய பாட்டிலேயே நிற்கிறீர்கள். இன்றைக்குப் பேசுகிறவர் காதில் எப்படி விழுகிறது என்று ஒரு சின்னச் சோதனை செய்யலாம்.

"மென்மையாக இடித்துரைத்தார்." சரியாகத்தான் இருக்கிறது.
"கோபத்துடன் இடித்துரைத்தார்." இதுவும் சரி, கூறியது கூறல் ஆகவில்லை.
"மென்மையாக வெகுண்டார்." சிரிப்பு வருகிறது.

ஆக, 'வெகுள்' என்ற வினைக்குள் கோபம் இருக்கிறது. 'இடித்துரை'க்குள் கோபம் இல்லை, வேண்டுமென்றால் வெளியிலிருந்து சேர்க்கலாம். எனக்கு இது போதும்.

பழைய_பேனா:
"மென்மையாகக் கண்டித்தார்" என்றும்தான் சொல்கிறோம். அப்படியானால் கண்டனத்திலும் கோபம் இல்லையா? கண்டன ஆர்ப்பாட்டம், கண்டனப் பேரணி, கண்டனப் பொதுக்கூட்டம் எல்லாம் மென்மையாகவா நடக்கின்றன? உங்கள் சோதனையை நம்பினால் தமிழில் கோபமாக எதிர்ப்பதற்கு வினையே மிஞ்சாது.

நிலவன்:
கண்டனத்திலும் கோபம் கட்டாயம் இல்லை என்றுதான் சொல்வேன். 19ஆம் நூற்றாண்டுச் சமய விவாதங்களில் 'கண்டனம்' என்றால் எதிர்த்தரப்பு வாதத்தை மறுத்து எழுதுவது. வாதத்தை வெட்டுகிற வேலை அது. கோபம் ஆர்ப்பாட்டத்தில் இருக்கிறது, கண்டனத்தில் இல்லை.

ஆர்ப்பாட்டத்திலும் ஒரு வேடிக்கை. 'ஆர்ப்பு' என்றால் பேரொலி. அதே குடும்பத்து 'ஆர்ப்பரி' இன்று பெரும்பாலும் மகிழ்ச்சிக்குப் போய்விட்டது. "ரசிகர்கள் ஆர்ப்பரித்தனர்" என்றால் கைதட்டல், விசில். 'ஆர்ப்பாட்டம் செய்தனர்' என்றால் கோரிக்கை, முழக்கம். ஒரே சத்தம்தான், இரண்டு வீட்டில் குடியிருக்கிறது.

பிழைதிருத்தி:
அப்படியென்றால் 'வெகுண்டெழுந்தனர்' என்று மாற்றிவிடட்டுமா? நடந்ததற்கு அதுதான் நெருக்கமாகத் தெரிகிறது.

தேன்மொழி:
வேண்டாமே. அது கொஞ்சம் பெரிய சொல். உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில், எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று வெகுளி, அதாவது கோபம். அது பிறக்கும் இடம் நான்கு என்கிறது நூல்: "உறுப்பறை குடிகோள் அலைகொலை." உறுப்பை அறுப்பது, குடியைக் கெடுப்பது, அடித்து அலைக்கழிப்பது, கொல்வது. கணக்கு காட்டாதது அந்தப் பட்டியலில் இல்லை.

கடைசிபெஞ்ச்:
குடிகோளில் சேர்க்கலாம். பராமரிப்புக் கட்டணம் கட்டுகிற குடிதானே?

இன்னொன்று: 'வெகுளி' என்றால் இப்போது சூதுவாது தெரியாத அப்பாவி. "அவன் ஒரு வெகுளி" என்றால் கோபக்காரன் என்று யாருமே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெயர்ச்சொல் சாதுவாகிவிட்டது, 'வெகுண்டு' மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டு நிற்கிறது. 'பொங்கி எழுந்தனர்' என்று போடலாம் என்றால் அதை இணையத்தில் கெடுத்துவிட்டோம். யாராவது நியாயமாகக் கோபப்பட்டாலே "ரொம்பப் பொங்காதீங்க" என்கிறோம்.

பழைய_பேனா:
சரி, சொற்களின் பொருள் மாறும் என்பதை இப்போது நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். வெகுளி மாறலாம், ஆர்ப்பரி மாறலாம், இடித்துரை மட்டும் வள்ளுவர் காலத்திலேயே உறைந்து நிற்க வேண்டுமா? இன்று மேடையில் "அரசை இடித்துரைத்தார்" என்றால் துணையாரா பேசுகிறார்? எதிர்க்கட்சிக்காரர் பேசுகிறார். நட்பு கழன்றுவிட்டது, கடுமை தங்கிவிட்டது. அதுதான் நடப்பு.

தேன்மொழி:
இதில் பாதியை ஏற்கிறேன். நட்பு கட்டாயம் இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் இரண்டு விஷயங்கள் இன்னும் கழலவில்லை. ஒன்று, சுட்டிக்காட்ட ஒரு தவறு இருக்க வேண்டும். வெறுமனே கோபத்தைக் கொட்டுவது இடித்துரைப்பது ஆகாது. இரண்டு, அது நேருக்கு நேர் சொல்லும் சொல்லாக இருக்க வேண்டும். "மைக்கைப் பிடுங்கி இடித்துரைத்தனர்" என்றால் பிடுங்கிய பிறகு ஏதாவது பேசியிருக்க வேண்டும்.

கண்ணகியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டியன் அவையில் "தேரா மன்னா" என்று தொடங்குகிறாளே, அதைவிடக் கடுமையான எதிர்ப்பு தமிழில் ஏது? ஆனாலும் கத்திவிட்டுப் போகவில்லை. தான் யார், கணவன் யார், சிலம்புக்குள் என்ன பரல் என்று வழக்காக வைக்கிறாள். அந்தக் காதைக்கே 'வழக்குரை காதை' என்று பெயர். மதுரையை எரிப்பது அதற்குப் பிறகு வருகிற வேறு செயல், அதற்கு வேறு வினை வேண்டும். உங்கள் கூட்டத்திலும் இந்த இரண்டும் கலந்து நடந்திருக்கிறது, ஒரே வினையில் இரண்டையும் அடைக்கப் பார்க்கிறீர்கள்.

பழைய_பேனா:
கண்ணகியிடம் கோபம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், நான் வெளிநடப்பு செய்வேன்.

பிழைதிருத்தி:
வெளிநடப்பு என்றதும் நினைவு வந்தது, அறிக்கையில் அதையும் விட்டிருக்கிறார்கள். வரியைப் பிரித்துவிட்டேன், பாருங்கள்:

"வரவு செலவுக் கணக்கு தாக்கல் செய்யப்படாததைக் கண்டித்து உறுப்பினர்கள் எழுந்து நின்று முழக்கமிட்டனர். கணக்கைக் காட்டாமல் கூட்டம் நடத்துவது விதிமீறல் என்று முன்னாள் தலைவர் நிர்வாகக் குழுவிடம் கோபத்துடன் இடித்துரைத்தார். உறுப்பினர்கள் சிலர் வெளிநடப்பு செய்தனர்."

மைக் விஷயத்தை எழுதவில்லை. அதைச் செய்தவரே இப்போது அறிக்கையைச் சரிபார்க்கும் குழுவில் இருக்கிறார்.

பழைய_பேனா:
'கோபத்துடன் இடித்துரைத்தார்' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். என் கட்சி ஜெயித்தது.

நிலவன்:
'கோபத்துடன்' என்று தனியாகப் போட வேண்டியிருந்ததே, அதனால் தோற்றது.